சார்செலில் மூன்று கடிதங்கள்

பாரிஸை ஒட்டிய சார்செலில் கிளாடிஸ் சிட்பானிடம் முடி வெட்டிக்கொள்ளாத பெண்கள் குறைவு. துனிஸில் பிறந்து ஐந்து வயதில் வந்தவள். அறுபத்திரண்டிலும் கத்தரிக்கோலைவிட வாய்தான் வேகம். அந்த வாய் ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் அடைத்துப்போனது.

முதல் கடிதம் அவளுடைய தபால் பெட்டியில் கிடந்தது. தபால்தலை இல்லை. "யூதச்சி, வீட்டைக் காலி பண்ணு." கிழித்துப் போட்டாள். இரண்டாவதில் அவள் கடை மூடும் நேரம் எழுதியிருந்தது. மூன்றாவது வந்த அன்று பெட்டியிலிருந்த தன் பெயரைச் சுரண்டி எடுத்தாள். அதன்பின் படியில் காலடி கேட்டாலே மீன் குழம்பை அப்படியே விட்டு, அடுப்பை அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரவுகளில் பொட்டுத் தூக்கமில்லை. லியோனிலிருக்கும் மகனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால், உடனே கிளம்பி வா என்பான்.

எதிர்வீட்டு ஹாவா, மாலி நாட்டுக்காரி, விடவில்லை.

"அக்கா, பெட்டியில உங்க பேரு எங்க?"

"பழசு. விழுந்துடுச்சு."

"யார்கிட்ட கதை விடுறீங்க? நீங்க சிரிச்சு ஒரு மாசமாச்சு."

கிளாடிஸ் உடைந்து அழுதாள். மிச்சமிருந்த இரண்டு கடிதங்களையும் படித்துவிட்டு ஹாவா மேலங்கியை மாட்டினாள்.

"எந்திரிங்க, போலீசுக்குப் போவோம்."

"அவங்க என்னத்த கிழிப்பாங்க?"

"கிழிக்கிற வரைக்கும் நான் அங்கயே உக்காந்திருப்பேன்."

புகார் பதிவாயிற்று. கீழ்த்தளத்தில் ஒரு கேமரா வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் ஆள் மாட்டினார்: இரண்டாம் மாடி லெஸ்கூர். தினமும் லிஃப்ட் கதவைப் பிடித்து, "நீங்க முதல்ல போங்க மேடம்" என்பாரே, அவரேதான்.

கிளாடிஸ் அந்தப் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில், அவளே எதிர்பாராமல், நெஞ்சு லேசானது. இத்தனை நாள் தெருவில் போகிற ஒவ்வொரு முகத்தையும் சந்தேகப்பட்டாள். இப்போது சந்தேகப்பட ஒருவர்தான் மிச்சம். அவரும் இந்தக் கட்டடத்தில் காலெடுத்து வைக்கக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் மகள் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சாமான்களை ஏற்றிப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை கிளாடிஸ் யூத ஜெபக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி வழிபாடு முடிந்திருந்தது; அது முடிந்தால் எல்லோருக்கும் அங்கேயே சாப்பாடு. பக்கத்தில் இருந்த தோழி மோனிக் குனிந்து கிசுகிசுத்தாள்:

"ஏண்டி, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியா வந்துட்டியா?"

"தூங்கிட்டேண்டி. ஒன்பதரை வரைக்கும். கட்டை மாதிரி."

அடக்கியும் சிரிப்பு வெடித்தது. முன்வரிசைப் பெண்கள் திரும்பி முறைத்தார்கள்.