கஞ்சிக் கோப்பைகளுக்கு நடுவில் ஒரு படச்சுருள்

இந்த நோன்பு மாதத்தில் வவுனியாவிலிருந்து கண்டிக்குப் போனேன். புத்தரின் பல் இருக்கும் மாளிகையைப் பார்க்க அல்ல, என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்ய.

அம்பிட்டியவில் இருக்கும் ரேவதி அக்கா படம் எடுக்கும் கலைஞர். தோட்ட வேலைக்குக் கடல் கடந்து வந்த தன் முன்னோர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த வழியைத் தானும் நடந்து, பழைய கமராவில் பிலிம் சுருளில் பிடித்தார். வெயிலில் சுருள் கெட்டுவிடும் என்று, வட்டத் தகரப் பெட்டியில் போட்டு, வழியில் இருந்த என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். கழுவாத சுருள், நகல் கிடையாது. கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் அவ்வளவு நடையும் வீண். தபாலை நம்பாதவர் என்னை நம்பினார்!

காலை பதினொரு மணி பஸ். மாத்தளை தாண்டினால் காற்றே மாறிவிடும். நாலு மணிக்குக் கட்டுகஸ்தோட்டையில் இறங்கி, மகாவலிப் பாலத்தைப் படம் எடுத்து, பக்கத்துக் கடையில் பேரீச்சம்பழம் வாங்கினேன். கண்டிக்கு இன்னொரு பஸ், அங்கிருந்து ஆட்டோ. அம்பிட்டிய ஐந்து கிலோமீட்டருக்குள்தான், ஆனால் ஏற்றம். கட்டணத்தைப் பேசிவிட்டு ஏறுங்கள்.

"வாங்க, வாங்க. பொட்டி எங்கங்க?" என்றார் அக்கா.

என் கையில் பேரீச்சம்பழம் மட்டும் இருந்தது.

"ஐயோ அக்கா, கடையில விட்டிட்டன்!"

அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வந்த ஆட்டோவிலேயே ஏறினோம். என்னைத் தேற்றத்தானோ என்னவோ, வழியெல்லாம் தன் கதையைச் சொன்னார். "எட்டு வருஷம் கல்யாண வீடியோவுல பொண்ணு மாப்ள தலைமேல பூ பறக்க விட்டேங்க. வெட்டி ஒட்டி, அழுத முகத்தையெல்லாம் தூக்கிருவோம். ஒருநாள் வெறுத்துப்போச்சு. அதான் இப்ப வெட்டுறதே இல்ல. கமரா பாத்தது பாத்தபடி." பிறகு வெளியே பார்த்துக்கொண்டு, "சுருள் போச்சுன்னா திரும்ப நடக்கணும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடையில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கஞ்சிக் கோப்பைகள், சமோசா, நடுவில் எங்கள் வட்டத் தகரப் பெட்டி. சுற்றிய கறுப்பு டேப் அப்படியே இருந்தது.

"யாரோ நோம்பு தொறக்கத் தொதல் இனிப்பு அனுப்பியிருக்காங்கண்டு நெனச்சோம் மகள்," என்றார் கடைக்கார நானா. "பள்ளியில வாங்கு சொல்ல முந்தித் தொட ஏலாதே."

வாங்கு சொல்ல இன்னும் ஐந்து நிமிடம்கூட இல்லை. அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப உள்ளுக்கு என்ன?" என்றார் நானா.

"எங்க ஆளுங்க தலைமன்னார்லருந்து நடந்து வந்த வழிங்க."

"அப்ப களைச்சித்தான் வந்திருக்கு. இருங்க, கஞ்சி குடிச்சிட்டுப் போங்க."

அப்படி ஒரு கஞ்சியை நான் குடித்ததே இல்லை.

மறுநாள் காலை, அக்கா வீட்டுக் கொடியில் சேலைகளுக்குப் பக்கத்தில் கழுவிய சுருள் காய்ந்துகொண்டிருந்தது. நகத்தளவு கட்டங்களில் மன்னார்க் கடல். எண்ணி எண்ணிப் பார்த்தேன், நெஞ்சு லேசாகிவிட்டது.

போகிறவர்களுக்கு: கட்டுகஸ்தோட்டையில் இறங்கினால் பாலத்தில் மாலை வெயில் நன்றாக இருக்கும். கையில் இருப்பதை மடியை விட்டு இறக்காதீர்கள். என்னைப் போல மறதிக்காரர் என்றால், நோன்பு மாதமாகப் பார்த்துப் போங்கள்.