காட்டேரியின் காதலிக்கு டூப்

ஜாஸ்மினுக்கு முன்பல் உடைந்தது பத்தாம் வகுப்பில், கபடி ஆட்டத்தில். எதிர் அணிக்காரியின் முழங்கால் வாயில் மோதியது. ரத்தத்தைத் துப்பிவிட்டு அடுத்த ரெய்டுக்கும் அவளே போனாள். ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்த அப்பா ஆரோக்கியராஜ் அன்றைக்கு மொரப்பூர் கடைத்தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

காலேஜ் முடித்ததும், கூட ஆடிய பெண் ஒருத்தி சென்னைக்குக் கூப்பிட்டாள். அங்கே சினிமாவில் பெண் ஃபைட்டர்களுக்குத் தட்டுப்பாடு. ஜாஸ்மின் போனாள். நாயகிகளுக்குப் பதிலாக மாடியிலிருந்து விழுவாள், கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்வாள், கார் மோதி உருளுவாள். முகம் மட்டும் திரையில் வராது. ஆறு வருஷம் இப்படி ஓடியபிறகுதான் அந்தக் காட்டேரித் தொடர் வந்தது.

தொடரின் நாயகி யாழினி காட்டேரிகளை வேட்டையாடுகிறவள். ருத்ரன் என்ற காட்டேரியைக் கொல்லப் போய் அவன்மேலேயே காதல் கொள்கிறாள். அவன் அவளுடைய அண்ணனின் ரத்தத்தைக் குடித்துக் கொன்றுவிடுகிறான். பழிவாங்குவதற்காக ருத்ரனின் தம்பி அகிலனோடு சேர்கிறாள். அவனும் காட்டேரிதான், ஆனால் மனிதரைத் தொடாதவன். ருத்ரன் அவளை விடவில்லை. அடித்தான், தூக்கி எறிந்தான், கடிக்க வந்தான், கடைசி நொடியில் கடிக்காமல் அழுதான். அவள் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டாள். அடியில் ஆரம்பித்து அணைப்பில் முடியும் வாரங்களில் ரேட்டிங் எகிறியது. அதனால் அப்படிப்பட்ட வாரங்களே அதிகம் வந்தன.

யாழினியாக நடித்தவள் ஐஸ்வர்யா. அழுகையும் அணைப்பும் அவளுக்கு, அடியெல்லாம் ஜாஸ்மினுக்கு. ருத்ரனுக்கு டூப் கதிரவன், அகிலனுக்கு டூப் இளம்பரிதி.

கதிரவனும் ஜாஸ்மினும் நிஜமாகவே காதலித்தார்கள். உயரத்திலிருந்து விழும்போது கீழே மெத்தையைச் சரியாகப் போடுகிறவன்மேல் ஒரு ஃபைட்டருக்கு வரும் நம்பிக்கை லேசானதல்ல. அந்த நம்பிக்கையைத்தான் அவள் காதல் என்று எடுத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு வீட்டில் கேட்கலாம் என்ற பேச்சுவரை வந்திருந்தது. அம்மாவிடம் மட்டும் அவள் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தாள்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் இளம்பரிதி ஏதோ சொல்ல, ஜாஸ்மின் வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த ஷாட்டில் கதிரவன் அவள் விலாவில் உதைக்க வேண்டும், கால் ஒரு சாண் தள்ளிப் போக வேண்டும். கால் தள்ளிப் போகவில்லை. உள்ளே எலும்பு நொறுங்குவது அவள் காதுக்கே கேட்டது. மூச்சை இழுக்க முடியாமல் தரையில் சுருண்டவளின் வலியைக் கேமரா முழுசாக எடுத்துக்கொண்டது.

"சூப்பர்! ரியலா இருந்துச்சு," என்றார் டைரக்டர்.

"டைமிங் மிஸ்ஸாயிடுச்சு ஜாஸ்," என்று கதிரவன் அழுதான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான். தைலம் தேய்த்தான், கஞ்சி ஊட்டினான். அவள் நம்பினாள்.

அப்புறம் ஒரு முறை தலை சுவரில் மோதியது. இன்னொரு முறை மணிக்கட்டு பிசகியது. கடைசியாக, ஆறியிருந்த அதே விலாவில் மறுபடியும் உதை விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இளம்பரிதியோடு ஒரு பேச்சோ, போனில் ஒரு அழைப்போ இருந்ததை அவள் மெதுவாகத்தான் கவனித்தாள். கவனித்த பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அடி வாங்குவதுதான் அவள் பார்க்கும் வேலை.

இந்த நிலையில்தான் தொடரின் படப்பிடிப்பு தர்மபுரிப் பக்கம் வந்தது. கம்பைநல்லூருக்கு வெளியே மூடிக்கிடந்த ஒரு ஜவ்வரிசி மில்தான் காட்டேரிகளின் கோட்டை. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் தார்ப்பாய் கட்டிப் பட்டப்பகலையே இரவாக்கினார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே புகை போட்டு நீல விளக்கு எரிந்தது.

ஜாஸ்மின் தினமும் மொரப்பூர் வீட்டிலிருந்தே போய்வந்தாள். அம்மா சகாயமேரி சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். அந்தத் தொடரை ஒருநாள்கூட விடாமல் பார்ப்பாள்.

"ருத்ரன் கெட்டவந்தான் கண்ணு. ஆனா அவ மேல உசுரையே வெச்சிருக்கான். எப்புடியும் மாறிடுவான் பாரு," என்றாள் ஒருநாள் காலையில், டீயை ஆற்றிக்கொண்டே.

ஜாஸ்மின் சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டினாள். மஞ்சளும் ஊதாவுமாக அரையடி நீளத்துக்குக் கன்றிப்போயிருந்தது.

"அய்யோ ஏசுவே! ஷூட்டிங்ல பட்டுதா?"

"ஷூட்டிங்லதான் பட்டுச்சு. ஆனா கதிரவன் வேணும்னே அடிச்சதும்மா."

"எதுக்குடி?"

"இன்னொருத்தன் கிட்டப் பேசுனனாம்."

சகாயமேரி டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "கண்ணாலம் ஆனா சரியாயிடுவானா?"

அவள் வெகுளியாகத்தான் கேட்டாள். ஜாஸ்மினும் அதே கேள்வியைப் பல மாதமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொருத்தர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அதன் அசிங்கம் தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார்ந்து கதிரவனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். நமக்குள் இனி எதுவும் வேண்டாம், வேலையை மட்டும் பார்ப்போம்.

மில்லுக்கு அவன் அவளுக்கு முன்பே வந்திருந்தான். கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, கண்ணுக்குச் சிவப்பு லென்ஸ் மாட்டிக்கொண்டு தயாராக நின்றான்.

அன்றைய காட்சியில் ருத்ரன் யாழினியின் கழுத்தை நெரித்துத் தூணோடு சேர்த்து அழுத்தித் தூக்க வேண்டும். அவள் கையிலிருந்து ஈட்டி நழுவ வேண்டும். அந்த இடத்தில் கட். அப்புறம் ஐஸ்வர்யா வந்து, "என்னைக் கொன்னாலும் உன் கையாலதான் சாவேன்," என்று சொல்லி அவனை அணைப்பாள். கழுத்தை நெரிக்கும் ஷாட்டில் நெரிப்பவனின் விரல் தொண்டையைத் தொடாது, கழுத்துக்குக் கீழே காறையெலும்பின்மேல்தான் இருக்கும். துடிப்பதெல்லாம் நெரிபடுகிறவளின் நடிப்பு. தாங்கவில்லையென்றால் அவன் கையில் ஒரு தட்டு தட்டினால் போதும், உடனே விட்டுவிட வேண்டும். ஃபைட்டர்களுக்குள் இது சத்தியம் மாதிரி.

"ஆக்‌ஷன்!"

கதிரவனின் இரண்டு கட்டைவிரலும் நேராக அவள் குரல்வளையில் இறங்கின. முதுகு தூணில் மோதியது. கால் தரையைவிட்டு எழும்பியது. அவள் அவன் கையில் தட்டினாள். விரல் இன்னும் இறுகியது. மறுபடி தட்டினாள். சிவப்பு லென்ஸ் போட்ட கண்கள் அவளையே பார்த்தன.

"மெசேஜா அனுப்புற?" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

நீல விளக்கு கறுத்துக்கொண்டே வந்தது. டைரக்டரின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது: "ஹோல்ட்... ஹோல்ட்... பியூட்டிஃபுல்!"

ஈட்டி விழ வேண்டிய நேரம். அவள் விடவில்லை. ரப்பர் முனைதான், ஆனால் பிடி மரம். பிடியைத் திருப்பி அவன் தாடையில் குத்தினாள். பல் தெறித்தது. விரல் தளர்ந்ததும் கீழே சரிந்து, எழுந்திருக்காமலே அவன் தொடையைக் கட்டி, ரெய்டு வந்தவளை மடக்குகிற மாதிரி இழுத்துக் கவிழ்த்தாள். விழுகிற வேகத்தில் தரையில் ஊன்றிய அவன் இடது கை முழங்கையில் எதிர்ப்பக்கம் மடங்கியது. அவன் அலறினான். அவள் அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அடித்தாள். கைமுட்டி கிழியும்வரை, அங்கியின் காலர் நனைந்து கனக்கும்வரை அடித்தாள். இளம்பரிதியும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து இழுத்தபோதுதான் அவள் நகர்ந்தாள்.

"தட்டுனேன்டா! தட்டுனேன்ல!" என்று கத்த நினைத்தாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

கேமரா அதுவரை ஓடிக்கொண்டேதான் இருந்தது.

போலீஸ் வேண்டாம் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினார். இளம்பரிதி மட்டும் நடந்ததை ஃபைட்டர்கள் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தான். சங்க விசாரணையில் படப்பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். அவள் தட்டியது துல்லியமாகத் தெரிந்தது. இருந்தும் இருவருக்குமே ஒரு வருஷத் தடை போட்டார்கள். "நீயும் கைய ஒடச்சிட்டியேம்மா," என்றார் ஒருவர், நியாயம் பேசுகிற தோரணையில்.

மூன்றாவது வாரம் அந்தக் காட்சி டிவியில் வந்தது. நெரித்ததுவரை அப்படியே வைத்திருந்தார்கள். பின்னால் உருக்கமான இசை. அப்புறம் ஐஸ்வர்யாவின் கண்ணீர், அணைப்பு. சகாயமேரியின் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு நிர்மலா மூக்கை உறிஞ்சினாள்.

"எம்மாம் பிரியம் இருந்தா அப்புடி ஆத்தரம் வரும்?"

"அது எம்பொண்ணு கழுத்துடி!" என்று சகாயமேரி எழுந்தாள். கையிலிருந்த கரண்டி டிவியில் போய் விழுந்தது. திரை குறுக்கே கீறிக்கொண்டது. நிர்மலா அரண்டுபோய் வெளியே ஓடினாள். அம்மா அப்படிக் கத்தி ஜாஸ்மின் அதுவரை கேட்டதில்லை.

கை கட்டோடு கதிரவன் மொரப்பூர் ஸ்டேஷனுக்கே வந்தான். ஜாஸ்மின் சேலம் போக ரயிலுக்குக் காத்திருந்த ஒரு மத்தியானம். மண்டியிட்டான், அழுதான்.

"நீயும் அடிச்ச, நானும் அடிச்சேன். கணக்கு சரியாயிடுச்சு ஜாஸ். வா, கல்யாணம் பண்ணிக்கலாம்."

"எழுந்து போயிடு கதிர்."

திரும்பி நடந்தவளின் கொண்டையை நல்ல கையால் பற்றி இழுத்துத் தூணில் மோதினான். புருவம் கிழிந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. அவள் அவன் காலை வாரிவிட்டாள். தரையில் குப்புற விழுந்தவன் முதுகில் முழங்காலை ஊன்றி, அவன் திமிறத் திமிற, ரயில்வே போலீஸ் வரும்வரை எழவிடவில்லை. சுற்றி நின்றவர்களில் சிலர் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். ஒரு பெண் மட்டும் முந்தானையைக் கிழித்து அவள் புருவத்தில் வைத்து அழுத்தினாள்.

இந்த முறை ஜாஸ்மின் புகார் எழுதிக் கொடுத்தாள். மில்லில் நடந்ததையும் சேர்த்தே எழுதினாள். அவன் சில வாரம் உள்ளே இருந்தான். வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அவள் போகிறாள், பெரும்பாலும் அவன் வருவதில்லை.

தொடரில் யாழினி ருத்ரனையே கட்டிக்கொண்டாள். அந்தக் கல்யாண வாரத்துக்கு வேறொரு பெண் டூப் போட்டாள். தடை முடிந்ததும் ஜாஸ்மினுக்குப் படங்களிலிருந்து அழைப்பு வர ஆரம்பித்தது. போன மாதம் ஒரு படத்துக்காகப் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்தாள். குரல் மட்டும் மில்லில் நெரிபட்ட அன்றைக்குப் பிறகு முழுசாகத் திரும்பவில்லை. கரகரத்த குரலில்தான் ஃபைட் மாஸ்டரிடம் பேசுகிறாள். எதிரில் நின்று அடிக்கப்போகிறவன் யார் என்று முதலில் கேட்கிறாள். பெயர் பிடிக்கவில்லையென்றால் போகமாட்டாள்.