தக்கைத்தலையர்

இங்கிலாந்தின் தெற்குக் கரைக்கு எதிரே இருக்கும் எங்கள் வைட் தீவில் பிறந்தவர்களுக்குத் தக்கைத்தலையர் என்று பெயர். எப்படி வந்ததென்று கேட்டால் இரண்டு கதை சொல்வோம். மரப்படகின் பலகை இடுக்குகளைத் தக்கை வைத்து அடைத்தே பிழைத்தவர்கள் என்பதால் அக்கரைக்காரர்கள் வைத்த பட்டம் என்பது ஒன்று. தீவுப் பிள்ளையைக் கடலில் போட்டாலும் தலை மிதக்கும் என்பது இன்னொன்று. முதல் கதைதான் உண்மையாயிருக்கும். ஆனால் பப்பில், குடிக்கிற இடத்தில், எடுபடுவது இரண்டாவது.

பக்கத்து வீட்டு ஐவி அக்கரையிலுள்ள போர்ட்ஸ்மத்காரி. படகுப் பட்டறை நார்மன் செவர்ட்டனைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊர் கவ்ஸுக்கு வந்தவள். எத்தனை வருஷம் ஆனாலும் ரொட்டிக்கடையில் அவள் அக்கரைக்காரிதான். அதை அவள் பொருட்படுத்தவில்லை. மகன் காலினையும் அப்படிப் பிரித்துப் பேசியதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஆரம்பித்தவர் பட்டறைக் கிழவர் அட்ரில். "பையனுக்குப் பாதித் தலைதான் தக்கை நார்மன். அம்மா பக்கம் ஈயம்" என்றார். நார்மனும் சேர்ந்து சிரித்தான், மடையன். பெரியவர்கள் சிரித்ததைப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஒருநாள் காலின் அழுதுகொண்டே வந்தான். ஐவி சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"நீ இந்த வீட்டு மாடியிலதான்டா பொறந்தே. ஒன் தலை முழுக்கத் தக்கை. அவனுங்ககிட்டப் போய்ச் சொல்லு."

நல்ல பதில் என்றுதான் நானும் நினைத்தேன்.

அவன் போய்ச் சொன்னான். "அப்ப குதிச்சுக் காட்டு" என்றார்கள். படகுப் போட்டி வாரம் அது, ஊரே பாய்மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீச்சல் தெரியாத பிள்ளை, கடல் வற்றி நீர் வெளியே இழுக்கும் நேரத்தில், படகுத்துறை முனையிலிருந்து குதித்தான். மேற்கே, பக்கத்து ஊர் கர்னார்ட் கரையில் உடலை எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து ஐவி வீட்டில் எல்லாரும் தேநீரோடு உட்கார்ந்திருந்தோம். அட்ரில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார்.

"இவன் எங்க பையன்மா. இனி யாரும் மாத்திச் சொல்ல மாட்டாங்க. நீயும் எங்க ஆளுதான்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது.

ஐவி கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் சொன்னதை நம்பித்தான் குதிச்சான்" என்றாள். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இல்லேன்னு யாராவது சொல்லுங்களேன்."

அவனைக் குதிக்கச் சொன்ன பையன்களின் அம்மாக்களும் அங்கேதான் இருந்தார்கள். நார்மன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தேன்.