கார் ஷெட்டில் வளர்ந்த கலை

திருப்பாச்சூரில் நாலு ஏக்கர் நெல் வயலும் மாடி வீடும் உள்ள குணசுந்தரிக்கு ஐம்பத்து மூன்றாம் வயதில் கலை வந்தது. அதற்கு முந்தைய வருடம் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் விசாரித்துவிட்டுப் போனார்கள். பிறகு பேச ஆளில்லை. செல்போனில் யாரோ சுரைக்குடுக்கையில் மயில் வரைவதைப் பார்த்தாள். வேலியில்தான் சுரைக்கொடி இருக்கிறதே!

முப்பது வருடமாகக் கூட்டுக்குக் காய் பறித்த கை. நகம் இறங்கும் பிஞ்சாகப் பார்த்துப் பறித்து, மயில் தீட்டி, வார்னிஷ் அடித்து ஷோகேஸில் வைத்தாள். பத்து நாளில் வீடே நாறியது. எலி செத்துக் கிடக்கிறதென்று பீரோவையெல்லாம் நகர்த்தித் தேடினாள். செத்தது மயில்.

வேலியில் முற்றி வீணாய்ப் போன காய்களைப் படம் போடக் கேட்டு அப்போதுதான் ஏஞ்சலின் வந்தாள். அவள் அம்மா ஒரு காலத்தில் இதே வயலில் கூலிக்கு நாற்று நட்டவள். ஏஞ்சலின் காக்களூர் கம்பெனி ஒன்றில் சர்க்யூட் போர்டுக்கு ஈயம் பற்றவைக்கிறாள்.

“இன்னாக்கா, கறிக்கு வெக்கிற காய்ல பொம்ம போட்டுக்கினு கீறீங்க? கொடியிலயே காயணும்க்கா. ஆட்டுனா உள்ள வெத கலகலன்னணும்.”

ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து, சால்டரிங் கம்பியோடு வந்தாள். அதன் சூட்டுமுனையால் காய்ந்த குடுக்கையின் ஓட்டின்மேல் கோடு இழுத்தாள்: வயல் நண்டு, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் பெண்கள். குணசுந்தரி வண்ணம் நிரப்பினாள். ஓடுகிறவளுக்கு மூன்று கால் விழுந்த அன்று இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். “என் ஃப்ரெண்டு” என்று தெரு முழுக்கச் சொன்னாள் குணசுந்தரி. ஃப்ரெண்டுக்கு இடம் கார் ஷெட். தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டிலில் வரும். “உள்ள ஒரே புழுக்கம்டி” என்பாள், ஏ.சி. ஓடும் வீட்டைப் பற்றி.

சித்திரையில் சென்னையிலிருந்து நாத்தனார் நர்மதா வந்தாள். நண்டுக் குடுக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “யாரு அண்ணி போட்டது?”

“நான்தான். இந்தப் பொண்ணு கூடமாட ஒத்தாசைக்கு வரும்.”

ஏஞ்சலின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கம்பியின் ஒயரைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

மூன்று ஞாயிறு வரவில்லை. குணசுந்தரி தனியாகப் போட்ட நண்டு கரப்பான்பூச்சியாக வந்தது. அதைத் தேய்த்து அழித்தாள். நாலாவது ஞாயிறு ஏஞ்சலின் வீட்டைத் தேடிக் காலனிக்கு நடந்தாள். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு அந்தத் தெருமுனை வரை போயிருக்கிறாள். வீட்டுக்குள் நுழைவது இதுதான் முதல் தடவை.

ஏஞ்சலின் நாற்காலி போட்டாள். டீ வைத்தாள். குணசுந்தரி டம்ளரை, அது ஏதோ கேள்வி கேட்டதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குடிங்கக்கா, ஆறிடப் போவுது.”

குடித்தாள். குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. “சக்கர கம்மி.”

“டப்பா சமையக்கட்டுல கீது. போய்ப் போட்டுக்கினு வாங்க.”

யாரும் தடுக்கவில்லை. உள்ளே போய் இரண்டு ஸ்பூன் போட்டுக்கொண்டு வந்தாள். வந்தவள் நின்றபடியே போனை எடுத்தாள். “நர்மதா, அந்த நண்டு ஏஞ்சலின் போட்டது. ஆமா, முழுசா அவதான்.”

“சரி, வர்றேன். ஷெட்டுக்கு இல்ல” என்றாள் ஏஞ்சலின்.

குணசுந்தரி, பல் பிடுங்க வாய் திறப்பவளைப் போல வாயைத் திறந்தாள். “ஹால்ல ஒக்காரலாம்.”

“நர்மதாம்மா வந்தா?”

“அவளும் பக்கத்துல ஒக்காரட்டும்” என்று சொல்லிவிட்டு, சர்க்கரை கரைவதற்குக் காத்திராமல் மிச்ச டீயைக் குடித்தாள்.