ஹைட்ரஜன்காரர் மெச்சிய கிணறு

இன்று நுரைச்சோலையில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்கு ஓர் அதிகாரி வந்தார். மண்ணில் இறங்கும் உரத் தண்ணீரிலிருந்து சுத்தமான ஹைட்ரஜன் எரிபொருள் எடுக்கப் போகிறார்களாம்.

என் மூத்த சகோதரி ராத்தா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தபடியே, எங்கள் இரண்டு கிணற்றுத் தண்ணீரையும் சோதித்தார். சமையல் நடக்கும் குசினிப் பக்கத்துக் கிணற்றைச் சோதித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அருமையான கழிவுநீர்! எவ்வளவு உரம் கலந்திருக்கு தெரியுமா?"

"அது நாங்க குடிக்கிற கிணறு சேர்," என்றார் ராத்தா.

"பரவாயில்ல. திட்டம் தொடங்கும் வரைக்கும் உரத்தைக் குறைச்சிராதீங்க."

ராத்தா அமைதியாகச் சொன்னார்:

"உங்கட தேத்தண்ணியும் அந்தக் கிணத்துத் தண்ணிதான். பரவாயில்ல, குடிங்க."

மனிதர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

வீடு தேடி வந்தவருக்கு இனி எதைத்தான் கொடுப்பது? நீங்களே சொல்லுங்கள்.