ஒழுகாத வீடு

எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கச்சி விட்டுவிட்டுப் போனது. ஐந்து பேரில் ஒருவரும் ஒருவேளைச் சோற்றுக்கு அடுத்தவர் வாசலில் போய் நின்றதில்லை. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டைக் கூட்டிப் படிப்பேன். எழுத்து அத்தோடு சரி. குன்னூரில் காலேஜுக்குப் போகிற மகள் வயிற்றுப் பேத்தி, நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள்.

போன வருடம் சின்ன மகன் என்னை அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அட்லாண்டாவில் அவனுக்கும் மருமகளுக்கும் கம்ப்யூட்டர் வேலை. முதல் இரண்டு வாரம் நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தெருவில் போகிற கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்க்க அவனுக்கே என்னவோ போலிருந்திருக்க வேண்டும். கடலுக்குப் பக்கத்தில் சவானா என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது, சனி ஞாயிறு போய்வரலாம் என்றான்.

“எவ்வளவு பழசு?” என்று கேட்டேன்.

“ஊட்டியைவிட நூறு வருசம் பழசுங்கம்மா.”

“அப்ப வெள்ளைக்காரன் அங்க பழகிப் பாத்துட்டுத்தான் நம்ம மலைக்கு வந்தான்னு சொல்லு.”

மருமகள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காப்பி சிந்திவிட்டது.

அருமையான ஊர், குறை சொல்லக் கூடாது. நாலு தெரு நடந்தால் ஒரு சதுரப் பூங்கா, இன்னும் நாலு தெரு நடந்தால் இன்னொன்று. தெருவின் இரண்டு பக்கத்து மரங்களும் மேலே கை கோத்துக்கொண்டு நிற்கின்றன. கிளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ சடைசடையாகத் தொங்குகிறது. அவலாஞ்சிப் பக்கம் சோலை மரங்களில் தாடி போலத் தொங்குமே, அதைப் பத்து மடங்கு இழுத்துவிட்டது மாதிரி. மரம் எங்கள் ஊர் மாதிரி இருந்ததே தவிர, வெயில் மேட்டுப்பாளையத்து வெயில். மருமகள் பழைய கதவு எதைக் கண்டாலும் “அத்தை, அங்க நில்லுங்க” என்று நிறுத்திப் படம் எடுத்தாள். முட்டிவலியோடு அத்தனை கதவுக்கும் நின்றேன்.

மத்தியானம் ஒரு பெரிய பங்களாவுக்குப் போனோம். பருத்தி வியாபாரி ஒருவன் அந்தக் காலத்தில் கட்டினதாம். இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். கம்பளம், ஆளுயரக் கண்ணாடி, மணியடிக்கிற கடிகாரம். எனக்கு அதில் பெரிய அதிசயம் இல்லை. துரை பங்களாவைச் சமையல்கட்டு வழியாகச் சின்ன வயதிலேயே பார்த்தவள் நான்.

வீட்டைச் சுற்றிக்காட்டுகிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், நல்ல கறுப்பு, நல்ல களை. அவள் எங்களை முற்றத்தைத் தாண்டிப் பின்பக்கம் கூட்டிப்போனாள். அங்கே செங்கல்லில் ஒரு நீளக் கட்டடம், வரிசையாக அறைகள். மகன் என் காதருகில் குனிந்தான்.

“விலைக்கு வாங்குன ஆளுங்களை இங்கதாம்மா வெச்சிருந்தாங்க.”

ஆளை விலைக்கு வாங்குவதா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் எல்லோரும் நகர்ந்தார்கள். உள்ளே நுழைந்தோம்.

ஒரே அறை. சுண்ணாம்பு அடித்த சுவர், ஒரு ஜன்னல், ஓர் அடுப்பு, இரும்புச் சட்டி, மரக்கரண்டி, துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை விரித்த கட்டில். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. எங்களோடு வந்த பத்துப் பேரும் கோயிலுக்குள் நிற்பது போல நின்றார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு கீழே தரையைப் பார்த்தேன். மூலைக்குப் போய் அங்கேயும் பார்த்தேன்.

“என்னம்மா தேடறீங்க?”

“எங்க ஒழுகும்னு அந்தப் புள்ளையைக் கேளு.”

“அம்மா, இது மியூசியம். ஒழுகாது.”

“இப்ப ஒழுகாது. அவங்க இருந்தப்ப எங்க ஒழுகுச்சுன்னு கேளு.”

அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மருமகள்தான் இங்கிலீஷில் கேட்டாள். அந்தப் பெண் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். இதுவரை யாரும் தன்னிடம் அப்படிக் கேட்டதில்லை, தனக்கும் தெரியாது என்று சொன்னாளாம். சொல்லிவிட்டு அவளும் அண்ணாந்து பார்த்தாள். அவள் பார்த்ததும் பத்துப் பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

வெளியே வந்து பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததும் மகன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். “அத்தனை பேர் முன்னால இப்படிக் கேப்பீங்களாம்மா? எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.”

“நீ ஏன்டா வெக்கப்படறே? அது உன்ற ஊடா?” என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கேள்வியை இன்னொருத்தியிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்! அவள் போய்ச் சேர்ந்து முப்பது வருடம் ஆகிவிட்டது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் மகனுக்கும் மருமகளுக்கும் என் அம்மாவின் கதையைச் சொன்னேன். அங்கே இருந்தவர்கள் விலைக்கு வாங்கப்பட்டவர்கள். நாங்கள் கூலிக்கு வந்தவர்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வராது. ஆனால் யாரோ பார்க்க வருகிறார்கள் என்று கூட்டித் துடைத்து வைத்த அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படி ஓர் அறையில் ஒன்பது வயதில் நின்றிருக்கிறேன்.

மஞ்சூருக்கு மேலே ஓர் எஸ்டேட். காரமடைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அப்பாவும் அம்மாவும் அங்கே வேலை. வேலைக்காரர்கள் குடியிருக்கிற லைனில் இருபது வீடு, இருபதுக்கும் ஒரே நீளத் தகரக் கூரை. ரோட்டை ஒட்டின முதல் வீடு எங்களுடையது. ஆனி ஆடியில் குந்தாப் பக்கம் பெய்கிற மழை, ஆரம்பித்தால் துவைத்த துணி காய ஒரு வாரம் ஆகும். தகரத்தில் ஆணி அடித்த ஓட்டைகள் துருப்பிடித்து அகண்டு, எங்கள் வீட்டில் மூன்று இடத்தில் ஒழுகும். அடுப்புக்கு மேலே ஒன்று, கதவுக்கு உள்ளே ஒன்று, தம்பி படுக்கிற இடத்துக்கு நேர் மேலே ஒன்று. தம்பிக்கு அப்போது இரண்டு வயது, ஈரம் பட்டால் இழுப்பு வந்துவிடும். சொட்டுகிற இடத்தில் ஒரு அலுமினியப் போசியை வைத்துவிட்டு, அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு காய்ந்த மூலையாகப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் மேஸ்திரி வந்து, கம்பெனிப் பெரிய துரையும் துரைசாணியும் லைனைப் பார்க்க வருகிறார்கள் என்றார். கையில் இருக்கிற புதுத் தகரம் ஒரு லைனுக்குத்தான் வருமாம். எந்த லைனுக்கு என்று அவர்கள் பார்த்துவிட்டுச் சொல்வார்களாம். எங்கள் லைனுக்கு எங்கள் வீட்டைத்தான் காட்டப்போகிறார்கள். ஏனென்றால் அம்மா சுத்தக்காரி.

“ஒரு ஊட்டைப் பாத்தா இருவது ஊட்டையும் பாத்த மாதிரி” என்றார் மேஸ்திரி.

ஆபீஸில் கணக்கு எழுதுகிற ரைட்டர் நல்ல மனுஷன். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஒழுகுகிற இடத்தில் போசியை வைத்தபடியே வைத்திருங்கள், அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று சொல்லி அனுப்பினார். அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் அம்மா கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்தாள்.

“ஏனுங்க, ஊட்டுக்கு வர்றவங்களுக்கு ஒழுகறதுக்கு வெச்ச போசியைக் காட்டறதுங்களா?”

“காட்டோணும். காட்டுனாத்தான் தகரம் வரும்.”

அம்மா தலையை ஆட்டினாள். ஆட்டினதைச் சம்மதம் என்று அப்பா எடுத்துக்கொண்டார்.

அம்மா தரையைச் சாணம் போட்டு மெழுகினாள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். பக்கத்து வீட்டு அத்தையிடம் பெரிய பித்தளைக் குடத்தை இரவல் வாங்கிப் புளி போட்டுத் தேய்த்து நடுவீட்டில் வைத்தாள். அத்தை வாசலில் நின்று, “குடம் என்னோடது, பேரு உனக்கு. துரைசாணி கேட்டா என்ற பேரைச் சொல்லோணும், ஆமா” என்று சிரித்தாள். அத்தை வீட்டில் ஐந்து இடத்தில் ஒழுகும்.

மறுநாள் காலையில் அப்பா வேலைக்குக் கிளம்பினதும் அம்மா ஒரு காரியம் செய்தாள். துணி துவைக்கிற பார் சோப்பை மூன்று துண்டாக நறுக்கி, தண்ணீர் தொட்டுப் பிசைந்து, முக்காலி மேல் ஏறி, மூன்று ஓட்டையிலும் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தாள். முக்காலியைப் பிடித்துக்கொண்டது நான். அலுமினியப் போசி விறகுக்குப் பின்னால் போனது.

பத்து மணிக்கு வந்தார்கள். துரை, துரைசாணி, ரைட்டர், மேஸ்திரி. வேலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு வந்த அப்பா கதவுக்கு வெளியே நின்றார். துரைசாணி நல்ல உயரம். நிலைப்படியில் குனிந்து நுழைந்தாள். நுழைந்ததும் குடத்தைப் பார்த்தாள், மெழுகின தரையைப் பார்த்தாள், துரையிடம் ஏதோ சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மழை வலுத்தது. தகரத்தில் கல்லைக் கொட்டுவது போலச் சத்தம். இரண்டு சோப்பு நின்றது. தம்பி படுக்கிற இடத்துக்கு மேலே இருந்த மூன்றாவது, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய ஆரம்பித்தது. அதை முதலில் பார்த்தது அம்மாதான். இடுப்பில் இருந்த தம்பியை என்னிடம் தந்துவிட்டு, இரண்டு எட்டு வைத்து அந்த ஓட்டைக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டாள். சொட்டு அவள் உச்சந்தலையில் விழுந்தது. அடுத்ததும் அங்கேயே விழுந்தது. ஒன்றும் தரைக்கு வரவில்லை.

துரைசாணி சிரித்துக்கொண்டே முக்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். அம்மா அசையவில்லை. “கூச்சமுங்க” என்று மேஸ்திரி துரைக்குச் சொன்னார். அம்மாவும் சிரித்தாள். காதுக்குப் பின்னால் வெள்ளையாக நுரை இறங்கி, கழுத்து வழியாக ரவிக்கைக்குள் போய்க்கொண்டிருந்தது. என் உயரத்துக்கு அது நன்றாகத் தெரிந்தது.

மழைக்கு ஒழுகுகிறதா என்று துரை கேட்கிறார் என்றார் ரைட்டர். அம்மா அதற்கும் சிரித்தாள். ரைட்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா போசி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். தன்னைக் கேட்காமல் துரை முன்னால் பேசுகிற வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. அப்போது துரைசாணி எனக்கு நேராகக் குனிந்து மெதுவாக ஏதோ கேட்டாள்.

“அம்மிணி, நீ சொல்லு, பயப்படாத” என்றார் ரைட்டர். “மழை வந்தா ஊட்டுக்குள்ள ஒழுகுமா?”

தம்பியின் நெஞ்சு என் கையில் கர் கர் என்றது. அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்ணால்கூட ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தபடி நின்றாள்.

“ஒழுகாதுங்க!” என்றேன், பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குச் சொல்வது போலச் சத்தமாக.

துரைசாணி என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். ரைட்டர் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அப்பா உள்ளே வந்து கூரையைப் பார்த்தார், அம்மாவின் நனைந்த முதுகைப் பார்த்தார்.

“வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதுந்துரும்?”

“என்ற ஊட்டுக்கு வந்தவங்ககிட்ட என்ற ஊட்டையே கொறை சொல்லச் சொல்றீங்களா?” என்று அம்மா தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.

புதுத் தகரம் கீழ் லைனுக்குப் போனது. எங்கள் லைனுக்கு அடுத்த மூன்று மழைக்காலம் பழைய தகரம்தான். அத்தை வந்து குடத்தை ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டு போனாள். அம்மா குழாயடிக்குப் போனால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு நாள் அத்தையிடமே கேட்டுவிட்டேன்.

“துரைசாணி எங்க ஊட்டுக்கு மட்டும் வந்தாங்கன்னு பொறாமைங்களா அத்தை?”

அத்தை குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஆமா அம்மிணி, பொறாமைதான். உங்க ஊடு ஒழுகாதாமே! எங்களதெல்லாம் ஒழுகுது.”

ஒரே ஓட்டமாக ஓடி வந்து, பொறாமைதான் என்று அத்தையே ஒத்துக்கொண்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குச் சந்தோஷம். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் ஊதிக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை.

அப்பாவுக்கு வயதாகி எஸ்டேட் வேலை முடிந்தபோது, ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மா கடைசியாக ஒரு தடவை தரையை மெழுகிவிட்டுப் பூட்டையும் சாவியையும் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தாள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் உறைத்தது. ஒழுகினது கம்பெனியின் கூரை. வெட்கப்பட்டது என் அம்மா. அந்த வெட்கத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டதாக ஒன்பது வயதில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அத்தையின் ஐந்து ஓட்டையும், என் கையிலேயே இழுத்துக்கொண்டிருந்த தம்பியின் மூச்சும் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது அப்போது எனக்குத் தெரியாது. தம்பி இப்போது காரமடையில் பேரன் பேத்தியோடு இருக்கிறான். மழைக்காலத்தில் போன் பண்ணினால் பேச்சுக்கு முன்னால் அவன் மூச்சுச் சத்தம்தான் கேட்கும்.

போதும் கண்ணு, இத்தோடு நிறுத்து. முதலிலிருந்து ஒரு தடவை படித்துக் காட்டு, அவசரமில்லை. துரைசாணி என்னிடம் கேட்கிற இடம் வரும் பார், அங்கே கொஞ்சம் நிறுத்து. இந்தத் தடவை பதிலை நான் சொல்கிறேன்.