எலுமிச்சம்பழம் ஏறாத ஜெட்

எங்கள் வீட்டு மிக்ஸியை நான் தொட்டுப் பல மாதமாகிறது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா படியேறி வந்து கதவைத் தட்டினார்.

“இன்னாண்ணா, ஒண்டியாளா இருந்துகினு இம்மாம் நேரம் மிக்ஸி ஓட்டிக்கினு கீறீங்க? யாருக்கு சட்னி?”

நான் கதவைப் பாதிதான் திறந்திருந்தேன். எனக்குப் பின்னால் கட்டில் காலில் துண்டு போட்டுக் கட்டப்பட்டு ஒரு ஜெட் விமானம் நின்றிருந்தது. ரிமோட்டில் ஓட்டுகிற பொம்மை ஜெட். உடம்பு முழுக்கத் தெர்மாகோல் மாதிரியான நுரை, வயிற்றுக்குள் ஒரு மின்விசிறி. அது முழு வேகத்தில் சுழன்றால் மிக்ஸியில் கொப்பரைத் தேங்காயைப் போட்டதுபோல அலறும்.

“மிக்ஸி இல்லக்கா. பிளேன்.”

அவர் எட்டிப் பார்த்தார். பிளேனைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்: “ஊட்ல எப்பண்ணா வராங்க?”

நான் ஜெட் வாங்கியதைக் கேள்விப்பட்ட எல்லோரும் அடுத்ததாகக் கேட்ட கேள்வி அதுதான். காய்ச்சல்காரனைப் பார்த்ததும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி.

என் மனைவி ஓசூரில் இருந்தாள். மகளின் பிரசவத்துக்கென்று மூன்று மாதம் போனவள். மூன்று மாதம் முடிந்ததும் மகள் வேலைக்குத் திரும்பினாள், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். பிறகு குழந்தைக்குப் பல் முளைத்தது, குழந்தை தவழ்ந்தது, குழந்தை நடந்தது. குழந்தை வளர வளர அவள் திரும்பி வரும் தேதியும் வளர்ந்துகொண்டே போனது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. குழந்தை வளரத்தான் செய்யும்.

எனக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் எலக்ட்ரீஷியன் வேலை. ஆலைக்குள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அங்கே ஒருவன் கத்தினால் இன்னொருவன் பதிலுக்குக் கத்துவான், அதுவே போதுமான துணை. வீட்டுக்கு வந்தால்தான் குக்கர் விசில்கூட எனக்கு மட்டும் கேட்பதற்காக அடிக்கிற மாதிரி இருக்கும். தினமும் போனில் பேசுவோம்.

“சாப்ட்டியா மாமா?”

“ஆச்சு. நீ?”

“ஆச்சு. குழந்தை தூங்குது, வெச்சிடட்டா?”

முதலில் இதற்கு நடுவே நிறையப் பேச்சு இருந்தது. போகப் போக நடுவே இருந்தது தேய்ந்து, முதலும் கடைசியும் ஒட்டிக்கொண்டன. அவளிடம் சொல்ல எனக்கு எதுவுமே நடக்கவில்லை. “இன்னிக்கு ரசம் வெச்சேன்” என்பதை ஒரு மனிதன் எத்தனை நாள் செய்தியாகச் சொல்ல முடியும்?

அப்போதுதான் ஜெட் வாங்கினேன்.

“எதுக்கு மாமா?” என்றாள்.

“சும்மாதான்.”

“எத்தினி பேர் உக்காரலாம்?”

“ஒரு எலி உக்காரலாம். அதுவும் கொஞ்சம் ஒல்லியான எலி.”

அன்று அவள் போனை வைக்க நேரமாயிற்று. சரி, விஷயம் கிடைத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. இது பறப்பதை அவள் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வா என்று கூப்பிட வாய் வரவில்லை, கூப்பிட்டால் அங்கே ஒரு குழந்தை அழும். ‘பார்’ என்று சொல்லலாம் இல்லையா.

பெட்டியோடு வந்த செய்முறைத் தாளில் எழுத்தே கிடையாது, எல்லாம் படம். ஒவ்வொரு படத்திலும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் ரிமோட்டைப் பிடித்திருப்பான், மற்றவன் விமானத்தைப் பிடித்திருப்பான். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். அந்த இரண்டாவது ஆள் விழவில்லை.

இறக்கையைத் திருகிப் பொருத்துவதும், ரிமோட்டையும் விமானத்தையும் ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தி வைப்பதும் எனக்குக் கைவந்த வேலை. எடை சமன் பார்ப்பதுதான் பாடாய்ப் படுத்தியது. இறக்கைக்கு அடியில் இரண்டு புள்ளி குறித்திருக்கும். இரண்டு விரல் நுனிகளால் அந்தப் புள்ளிகளில் தூக்கினால் விமானம் மூக்குக் கவிழாமல், வால் தொங்காமல் நேராக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உள்ளே பேட்டரியை முன்னே பின்னே நகர்த்த வேண்டும். இரண்டு கையும் தூக்கியிருக்க, பேட்டரியை யார் நகர்த்துவது? விருந்தாளிகளுக்கென்று அவள் எடுத்து வைத்திருந்த உயரமான சில்வர் டம்ளர்கள் இரண்டைக் கவிழ்த்து, அதன்மேல் விமானத்தை உட்கார வைத்தேன். அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே விருந்தாளி.

விசிறியைச் சோதிக்கும்போது ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்குத்தான் துண்டும் கட்டில் காலும். அப்படியும் அது சுவரோரம் தொங்கிய தினசரிக் காலண்டரிலிருந்து ஒரு தாளை இழுத்து விழுங்கிவிட்டது. மறுநாள் தேதி. எனக்கு மறுநாள் நல்ல நேரமே இல்லை.

பறக்கவிடும் நாள் நெருங்கியதும் அவள் போனில் கறாராகச் சொன்னாள்.

“பூஜை போடாம எடுக்காத. புது வண்டி. எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்து.”

“அது பறக்குற வண்டிம்மே.”

“சக்கரம் கீதா இல்லியா?”

“மூணு கீது.”

“அப்ப மூணு பழம் வை.”

தேர்வாய் கண்டிகை போகிற வழியில் ஒரு மனைப் பிரிவு இருக்கிறது. பெரிய நுழைவு வளைவு, உள்ளே தார்ச்சாலை, கம்பி இழுக்காத விளக்குக் கம்பங்கள், வண்ணம் அடித்த எல்லைக் கற்கள். வீடுதான் ஒன்றுகூட இல்லை. எனக்கு விமான நிலையம் அதுதான். அங்கே ஒரு வாட்ச்மேன் உண்டு, வயதானவர், ஆந்திர எல்லைப் பக்கத்து ஆள். என்னை மனை வாங்க வந்தவன் என்று நினைத்து நாற்காலி போட்டார். பெட்டியைத் திறந்ததும் நாற்காலியைத் தானே எடுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“பறக்குமா நைனா இது?”

“பறக்கும். பாருங்க.”

“நாங்க மொட்டை மாடில நின்னு ராக்கெட்டே பாக்குறவங்க” என்றார். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் ஏறினால் எங்கள் பகுதி முழுக்க மாடியில்தான் நிற்கும். இந்த ஊரில் ஜெட்டைக் காட்டி ஒருவரை அசத்துவது கஷ்டம்.

மூக்கில் சந்தனம், அதன்மேல் குங்குமம், சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று பழம். ரிமோட்டில் மெதுவாக வேகம் கொடுத்தேன். லாரி ஏறினால் பழம் நசுங்கும், ஸ்கூட்டர் ஏறினாலும் நசுங்கும். என் ஜெட் பழத்தின்மேல் மூக்கை முட்டிக்கொண்டு குளிரில் நடுங்குவதுபோல நின்றது. இன்னும் வேகம் கொடுத்தேன். முன் சக்கரம் பழத்தில் பாதி ஏறி, வழுக்கி, தொப்பென்று விழுந்தது. பழங்கள் மூன்றும் முழுசாக உருண்டு போயின. முன் சக்கரத்தின் கம்பி ஒரு நூல் அளவு வளைந்திருந்தது. நான் கவனிக்கவில்லை, பழத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு ஓடவிட்டேன். நேராகப் போக வேண்டியது இடது பக்கம் ஒதுங்கி, சாலையை விட்டு இறங்கி, எல்லைக் கல்லில் மோதி ஓர் இறக்கையைப் பிளந்துகொண்டது.

“நல்ல மனை பாத்துதான் போய் நின்னுகீது” என்றார் வாட்ச்மேன். “கிழக்குப் பாத்தது.”

மாலையில் அவளே போன் பண்ணினாள். “பறந்துச்சா மாமா?”

“எலுமிச்சம்பழமே நசுங்கலம்மே.”

“நசுங்கலியா?”

“அது ஏறவே இல்ல. தடுக்கி வுழுந்துச்சு.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். குழந்தை எழுந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அப்போது யாராவது கேட்டிருந்தால் இன்னோர் இறக்கையையும் உடைத்துக் கொடுத்திருப்பேன்.

பசை போட்டு இறக்கையை ஒட்டினேன். கம்பியை நிமிர்த்தினேன். அடுத்த ஞாயிறு காலை, காற்று எழுவதற்கு முன்பு, வீடியோ காலில் அவளைக் கூப்பிட்டு போனை பைக் டேங்க்கின் மேல் சாய்த்து வைத்தேன். “இங்கதான் பாத்துகினு இரு.” பழத்தை இந்தத் தடவை நானே செருப்புக் காலால் மிதித்து நசுக்கினேன். எங்கள் இருவரில் வெயிட்டான வண்டி நான்தான்.

ஓடியது. நேராக ஓடியது. சாலை முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போது சக்கரங்கள் தரையை விட்டன. அலறல் சட்டென்று மெலிந்து தூரமானது. குங்கும மூக்கோடு அது விளக்குக் கம்பங்களுக்கு மேலே ஏறி, வெயிலில் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பியது. பறக்கும்போது அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தால் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாமல் போய்விடும். அதனால் திரும்பிப் பார்க்காமலே கத்தினேன்.

“பாத்தியாம்மே? பாத்தியா?”

பதில் வரவில்லை. விசிறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லையா, அவள் வைத்துவிட்டாளா, தெரியாது. “இப்ப திரும்புது பாரு, இப்ப எறங்குது பாரு” என்று காலியான மனைகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். பேட்டரி சில நிமிஷம்தான் தாங்கும். விமானம் தரையில் இரண்டு துள்ளு துள்ளி, முழுசாக வந்து நின்றது.

“பரவால்ல நைனா” என்றார் வாட்ச்மேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

பைக்கிடம் ஓடினேன். அவள் இருந்தாள். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“பாத்தியா?”

“எங்க பாத்தேன்?” என்றாள் தணிந்த குரலில். “ஒரு தபா மேல கொசு மாதிரி இன்னாவோ போச்சு. அப்புறம் பூரா உன் முதுகுதான் தெரிஞ்சுது.”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. “சொல்லியிருக்கலாமில்ல. போனையாச்சும் திருப்பி வெச்சிருப்பேன்.”

“பாத்துகினுதான் இருந்தேன்.”

“இன்னாத்த? முதுகயா?”

“சட்ட தோள்கிட்ட கிழிஞ்சிருக்கு மாமா. அதப் போட்டுகினுதான் வேலைக்குப் போறியா?” குழந்தையை மடியில் சரிப்படுத்திக்கொண்டாள். “தோள் எறங்கிப் போச்சே உனுக்கு. கிட்டக்க இருந்தப்ப தெரியல.”

அதற்குள் குழந்தை சிணுங்கியது. “வெச்சிடறேன்” என்றாள். வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். தோள் தையல் ஒரு விரல் நீளம் பிரிந்திருந்தது. டப்பாவில் ஊசி, நூல் எல்லாம் இருந்தன. கண்ணாடி போட்டால் எனக்கே கோக்க வரும்.

தைக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அதையே போட்டுக்கொண்டு போனேன். போனை அதே இடத்தில், அதே பக்கமாகவே சாய்த்து வைத்தேன்.